குறைகளை முதலில் சொல்பவர்

"வாங்காதிய" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்குவார். தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, மேலகரத்தில் அவர் வீடு. நாய்க்குட்டி கேட்டு வருபவர்களிடம் கம்பிக் கதவுக்கு அப்பால் நின்றபடி அவர் கூறும் முதற்சொல் அது. பிறகு கதவைத் திறந்து, உட்காரவைத்து, காப்பி கொடுத்து, ஏன் வாங்கக்கூடாது என்பதை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைப்பார். அவசரப்படமாட்டார். நோயாளியின் உறவினரைத் தனியே அழைத்து நிலைமையை விளக்கும் நிதானம் அந்தக் குரலில் இருக்கும். அரசு மருத்துவமனையில் தலைமைச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் சிஸ்டரம்மா.

சென்ற ஆண்டு அவர் மறைந்தார். அவரைப் பற்றி எழுத எனக்கு உறவோ நெடுநாள் பழக்கமோ இல்லை. குட்டி ஒன்று கேட்டுச் சென்ற பலருள் நானும் ஒருவன்.

அவர் வளர்த்தது காக்கர் ஸ்பேனியல் இனம் ஒன்றையே. அவருடைய கணவர் வனத்துறையில் பணியாற்றியவர். ஆரியங்காவுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தின் மேலாளர் ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்துச் சென்ற பெட்டை நாயை அவர்தான் முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கணவர் காலமான பின்பும் அதன் வழிவந்தவை அந்த வீட்டில் தொடர்ந்தன. சாப்பாட்டு வேளையில் அவ்வீட்டுக்குச் செல்பவர்கள் ஒரு விசித்திரக் காட்சியைக் காண்பார்கள். நீண்ட காதுகள் சோற்றில் விழாமலிருக்க, பழைய காலுறைகளின் பாதத்தை வெட்டியெறிந்துவிட்டு, மீதிக் குழாயை ஒவ்வொரு நாயின் தலையிலும் மாட்டியிருப்பார். மார்கழிக் குளிரில் காதை மூடிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்ட முதியவர்கள் வரிசையாக அமர்ந்து உண்பதுபோல் இருக்கும். தண்ணீர் வைப்பது வாய் குறுகிய மண்சட்டியில். மூக்கு உள்ளே போகும், காதுகள் வெளியே தொங்கும்.

எங்கள் வீட்டில் நாய் வேண்டுமென்று கேட்டவள் என் மனைவி. மகள் லாப்ரடார் என்றாள். காவல்துறையில் இருக்கும் என் மைத்துனர், "ராஜபாளையம் வாங்குங்க அத்தான், தெருவுல ஒருத்தன் நடக்க மாட்டான்" என்றார். நான் வழக்கம்போல் நூல்களைப் படித்தேன். உயரம், எடை, குணம், ஆயுள் அனைத்தையும் ஒப்பிட்டு, முடிவுக்கு வராமல் இருந்தேன். மனைவி எதையும் படிக்கவில்லை. மருத்துவமனைக்கு வெளியே ஒரு காரின் பின்னிருக்கையில் ஸ்பேனியல் ஒன்றைப் பார்த்திருக்கிறாள். "ஏதோ கேள்வி கேட்டுட்டு, நாம பதில் சொல்லுத வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கிற மாதிரிப் பார்க்கு. அதுதான் வேணும்" என்றாள். அத்துடன் விவாதம் முடிந்தது.

நாங்கள் குத்துக்கல்வலசையிலிருந்து மேலகரத்துக்குச் சென்றது ஆனி மாதத்தின் கடைசியில். சாரல் பிடித்திருந்தது. எங்களுக்கு முன்பே ஒருவர் வந்து அமர்ந்திருந்தார். பாவூர்சத்திரத்துக்காரர். வளைகுடாவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, ஊரில் பெரிய வீடு கட்டித் திரும்பியவர். சிஸ்டரம்மா ஒரு குட்டியை மடியில் மல்லாத்திப் போட்டு அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"மொதல்ல காது. சேலை முந்தி மாதிரித் தொங்குது பாருங்க. உள்ள காத்து போவாது. வாராவாரம் பஞ்சு வச்சுத் தொடைக்கணும். விட்டா நாத்தம் எடுத்துரும். அடுத்தது முடி. தெனமும் சீவணும். உங்க வீட்டுப் பிள்ளைக்கே தெனமும் தலை சீவுதியளா?"

"அது அவங்க அம்மா பார்த்துக்கிடுவா."

"அப்ப இதுக்கும் அவங்கதான். கேட்டுக்கிட்டு வாங்க. அப்புறம் சாப்பாடு. எம்புட்டு வச்சாலும் ஒரு வாரமாப் பட்டினி கெடந்த மாதிரிப் பார்க்கும். அதுல மயங்குனிய, தலகாணி ஆக்கிருவிய."

பாவூர்சத்திரத்துக்காரர் பொறுமையிழந்தார். "அதெல்லாம் இருக்கட்டும் சிஸ்டரம்மா. கள்ளன் வந்தா கொரைக்குமா?"

"கொரைக்கும். சந்தோசத்துல."

"கடிக்குமா?"

"செருப்பை."

"அப்ப இது எதுக்குத்தான் ஆவும்?"

"ஒண்ணுக்கும் ஆவாது அண்ணாச்சி. இன்னொரு கொறையும் இருக்கு. நீங்க கடைக்குப் போயிட்டுக் கால் மணி நேரத்துல திரும்பி வந்தாலும், வெளிநாட்டுலேர்ந்து வந்த மாதிரி மேல விழுந்து ஆடும். வெள்ளை வேட்டியெல்லாம் உடுத்த முடியாது."

அந்த மனிதர் ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார். குட்டியை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து, "வேட்டி கெடக்கட்டும்" என்றார்.

சிஸ்டரம்மாவின் சூழ்ச்சி இது என்று பின்னாளில் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். நான் அவ்வாறு கருதவில்லை. அவர் உண்மையாகவே அவற்றைக் குறைகள் என்றுதான் எண்ணினார். ஒரு பொருளின் நன்மையை அதனோடு வாழ்பவன் தானே கண்டுகொள்வான், தீமையை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதைத் தம் திருமணத்திலும் கடைப்பிடித்திருக்கிறார். பெண் பார்க்க வருபவர்களிடம் காப்பித் தட்டோடு சென்று, தமக்குக் கோபம் வரும், தூக்கத்தில் குறட்டை வரும், இரவுப்பணியை விடப்போவதில்லை என்று சொல்லிவிடுவாராம். வந்தவர்கள் பலகாரத்தை மட்டும் முடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களில் ஒருவர் மறுநாள் தனியே திரும்பி வந்து, தம் வீட்டில் கூரை ஒழுகும் என்றும் தமக்குக் காட்டிலே இருக்கப் பிடிக்கும், மனிதர்களோடு பேச வராது என்றும் கூறினாராம். "அவரத்தான் கட்டிக்கிட்டேன். கடைசி வரைக்கும் கூரை ஒழுகத்தான் செஞ்சுது" என்பார். இதை அவர் என் மனைவியிடம் கூறியபோது இருவரும் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

ஆனால் அது பிற்பாடு. முதல் நாள் சிரிப்பில் முடியவில்லை.

பாவூர்சத்திரத்துக்காரர், குட்டிக்காகப் பின்னர் வருவதாகச் சொல்லி எழுந்து சென்றதும், சிஸ்டரம்மா எங்கள் முன் குட்டிகளை இறக்கிவிட்டார். நான் படித்திருந்ததைக் கூறினேன். தானாக யாரிடம் குட்டி வருகிறதோ அவர்களுக்கே அது உரியது என்று சில நூல்களில் இருக்கிறது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். கையில முறுக்கு வாசனை இருந்தா யார்ட்டயும் வரும்."

மனைவி நாற்காலியில் சாய்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். பழுப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டி சுவரோரம் அமர்ந்திருந்தது. அதன் காதை இன்னொரு குட்டி மென்றுகொண்டிருந்தது. இது தடுக்கவில்லை, அழவுமில்லை, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இதுதான்" என்றாள் மனைவி. "யாரு காதைக் கடிச்சாலும் இவுகளும் இப்படித்தான் உக்காந்திருப்பாக."

மகள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிஸ்டரம்மா குட்டியைத் தூக்கி மனைவியின் மடியில் வைத்தார். வைத்துவிட்டு, "புரட்டாசியில வந்து எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அது அவருடைய மாறாத விதி என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. சாரல் காலத்தில் அவர் குட்டி கொடுப்பதில்லை. அருவியில் குளித்துத் தலை ஈரத்தோடு காரில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களை, "ரம்புட்டான் பழம் ரோட்டோரத்துல விக்குது, அங்கன போங்க" என்று கதவருகிலேயே அனுப்பிவிடுவார். எங்களுக்குக் காரணம் கூறினார். "மழைன்னா பெய்ஞ்சிட்டு நிக்கும். சாரல் நிக்காது. காத்தே ஈரமா இருக்கும். புது வீட்டுக்குப் போன குட்டிக்கு இந்த ஈரத்துல காதுல புண்ணு வந்தா பிறகு ஆயுசுக்கும் விடாது. ஒரு தடவை குடுத்துட்டு நான் பட்டது போதும்."

"கொஞ்சம் முன்னால தர முடியாதா சிஸ்டர்? அம்மா ஆசைப்படுதாங்க" என்றாள் மகள்.

"ஆசை புரட்டாசியிலயும் இருக்கும்லம்மா."

மகள் என்னைப் பார்த்தாள். நான் குட்டியைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. மருத்துவர், மகள், நான் மூவரும் அறிந்த ஒன்றை மனைவி அறியக் கூடாது என்பது அந்த ஏற்பாடு. இத்தகைய ஏற்பாடு இல்லாத வீடுகள் நம் பக்கத்தில் குறைவு. பரிசோதனை முடிவுகளை மகள் தன் அலுவலக மேசையில் பூட்டி வைத்திருந்தாள். கேட்பவர்களிடம் இரத்தசோகை என்று சொல்லிவந்தோம்.

சிஸ்டரம்மா அப்போது குட்டியைப் பார்க்கவில்லை. அதைத் தடவிக்கொண்டிருந்த கையைப் பார்த்தார். புறங்கையில் ஊசித் தழும்புகள் இருந்தன.

"அக்காவுக்கு உடம்புக்கு என்ன?"

"சற்று இரத்தசோகை" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. மனைவிதான் பேசினாள். மறுவாரம் ஊருக்குப் போகப்போவதைச் சொல்வது போன்ற குரல். "சிஸ்டர், நாயோட கொறைய எல்லாம் நீங்க சொல்லிட்டிய. எங்க வீட்டுக் கொறைய இவுக சொல்ல மாட்டாக. நானே சொல்லிருதேன். புரட்டாசிக்கு நான் இருக்க மாட்டேன்."

மகள் எழுந்து வெளிச்சுவர் அருகே சென்று நின்றாள். நான் அமர்ந்த இடத்திலேயே இருந்தேன். "எல்லாரும் இவ்வளவு பிரியமா இருந்தா எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள் மனைவி, பொதுவாக, யாரையும் பாராமல்.

எவராயினும் அந்தக் கணத்தில் குட்டியைக் கொடுத்திருப்பார். சிஸ்டரம்மா கொடுக்கவில்லை. "சாரல்ல குடுக்க மாட்டேன்" என்றார் மீண்டும். எனக்கு அவர்மேல் உண்டான வெறுப்பை இன்று நினைத்துப் பார்க்கிறேன். மனைவி தலையசைத்தாள். அவள் அதை ஏற்றுக்கொண்டதுபோல் இருந்தது.

"குடுக்கமாட்டேன்னுதான் சொன்னேன்" என்றார் சிஸ்டரம்மா. "கொண்டுவந்து காட்டுதேன். வீடு எங்க?"

மறுநாள் பதினோரு மணிக்கு எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மூடியிட்ட ஒரு பிரம்புக் கூடை, இரண்டு உலர்ந்த துண்டுகள், பஞ்சு, சீப்பு, காலுறை, வாய் குறுகிய மண்சட்டி ஆகியவற்றோடு அவர் இறங்கினார். கூடையைத் திறந்து குட்டியின் காதுகளை முதலில் துடைத்தார். பிறகே மனைவியின் கட்டிலில் விட்டார். ஒரு மணிநேரம் போல் இருந்துவிட்டு, மீண்டும் கூடையில் வைத்துக் கொண்டுபோனார். ஆடி மாதம் முழுவதும், சாரல் எவ்வளவு இருந்தாலும், அது தினமும் நடந்தது. பத்தரை மணிக்கெல்லாம் மனைவி தலை சீவிக்கொண்டு தயாராகிவிடுவாள். மருந்து வேளைகளை நாங்கள் நினைவூட்ட வேண்டியிருந்தது. பதினோரு மணியை நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் வாரத்தில் பஞ்சை என் கையில் கொடுத்தார். "சார் செய்யட்டும்."

நான் செய்தேன். மனைவி தலையணையில் சாய்ந்து மேற்பார்வையிட்டாள். "சிஸ்டர், அங்கன பாருங்க. பழைய புஸ்தகத்துல பக்கம் கிழிஞ்சுரும்னு புரட்டுவாகள்ல, அப்படிப் புரட்டுதாக."

"கையில நடுக்கம் இல்ல. நல்லதுதான்."

"நல்லதுன்னு சொல்லிட்டியளா? உங்க வாயிலேர்ந்தா?"

"சாருக்குச் சொன்னேன். நாய்க்கில்ல."

குட்டிக்குப் பெயரிட அவர் இணங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றார். மனைவி அவர் இல்லாத நேரத்தில் ஒரு பெயரைச் சொல்லிப் பழகினாள். அவர் இருக்கும்போது மறந்து அதையே சொல்லிக் கூப்பிட்டும்விட்டாள். குட்டி திரும்பிப் பார்த்தது. சிஸ்டரம்மா கேளாததுபோல் சீப்பிலிருந்த முடியை எடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மனைவி அவரிடம் கேட்டாள். "இது எத்தனை வருசம் இருக்கும்?"

"பன்னெண்டு, பதிமூணு. பார்த்துக்கிட்டா அதுக்கு மேலயும்."

அவள் குட்டியை விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். துணிக்கடையில் சட்டையை என் தோளில் வைத்து அளவு பார்ப்பாளே, அந்தப் பார்வை. "அப்ப இவுகளுக்குச் சரியா இருக்கும்" என்றாள்.

நாய் யாருக்காக என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. எழுந்து காப்பி போடச் சென்றேன்.

நான் அடுக்களையில் இருந்தபோது மனைவி அவரிடம் வேறொன்றும் கேட்டாள். இனி என்ன நடக்கும், எப்படி நடக்கும், வலி எவ்வளவு இருக்கும் என்று. சிஸ்டரம்மா சொன்னார். எதையும் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை. குட்டியின் காதைப் பற்றிச் சொன்ன அதே குரல். சுவருக்கு இப்பால் நின்று முழுவதையும் கேட்டேன். அவற்றை இங்கு எழுதப்போவதில்லை. மாலையில் இதை அறிந்த மகள் கொதித்தாள். "அவங்க யாருப்பா அம்மாகிட்ட இதையெல்லாம் சொல்லுததுக்கு? நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லிருங்க." உள்ளே மனைவி உறங்கிக்கொண்டிருந்தாள். பல வாரங்களுக்குப் பின் அவள் மாத்திரை கேளாமல் உறங்கிய மாலை அது. மகள் கதவருகே நின்று அதைப் பார்த்தாள். மறுநாள் ஆட்டோச் சத்தம் கேட்டபோது அவள்தான் சென்று கூடையை வாங்கினாள்.

ஆவணியில் மனைவி காலமானாள். சிஸ்டரம்மா கூடையில்லாமல் வந்தார். செய்யவேண்டியவற்றை மகளோடு சேர்ந்து செய்தார். கூட்டத்தில் யாரோ, "நல்ல சாவு" என்று ஆறுதல் கூறினார். "சாவுல நல்லதுன்னு ஒண்ணும் இல்ல" என்று சிஸ்டரம்மா திருத்தியது என் காதில் விழுந்தது. அன்று எனக்குக் கிடைத்த ஆறுதல் அது ஒன்றே. பிறகு அவர் வரவில்லை.

புரட்டாசி பிறந்தது. வெயில் நன்றாக அடித்தது. குட்டியைப் பற்றி மகள் ஏதும் கேட்கவில்லை. நாயை வளர்க்க மனத்தில் ஓர் இடம் வேண்டும், அது என்னிடம் இல்லை என்று முடிவு செய்தேன். தொலைபேசியில் சொல்வது முறையன்று என்பதால், ஒருநாள் காலையில் பேருந்து ஏறி மேலகரம் சென்றேன்.

அவர் வெளிப்படியில் அமர்ந்து ஒரு தாய்நாயைச் சீவிக்கொண்டிருந்தார். குட்டி வளர்ந்திருந்தது. நான் நின்றபடியே சொன்னேன். குட்டியை வேறு நல்ல வீட்டுக்குக் கொடுத்துவிடும்படியும், எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றும்.

வற்புறுத்துவார் என்று எதிர்பார்த்துச் சில காரணங்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் வற்புறுத்தவில்லை. "சரி சார்" என்றார். "கேக்க ஆளிருக்கு. தென்காசியிலேர்ந்து ஒரு வீட்ல இன்னைக்குச் சாயங்காலம் வாராங்க. நல்ல ஆளுக. ரெண்டு பிள்ளைக இருக்கு."

"நல்லது."

"உக்காருங்க. வெயில்ல வந்திருக்கிய."

உட்கார்ந்தேன். அவர் சீப்பைக் கீழே வைத்தார். "ஒரு விசயம் மட்டும் யோசனையா இருக்கு. வாறவங்ககிட்டச் சொல்ல வேண்டிய கொறையில ஒண்ணு கூடியிருக்கு. அதை எப்படிச் சொல்லுததுன்னு தெரியல."

"காதில் ஏதேனும்?"

"காது சுத்தமா இருக்கு. இது வேற. மணி பதினொண்ணு ஆகப்போவுதுல்லா, நீங்களே பாருங்க."

நிழலில் படுத்திருந்த குட்டி எழுந்து உடலை உதறிக்கொண்டது. என்னைக் கடந்து சென்றது. நின்று பார்க்கவில்லை. முற்றத்தின் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்த பிரம்புக் கூடையை ஒருமுறை முகர்ந்துவிட்டுக் கம்பிக் கதவருகே போய் அமர்ந்தது. முகம் சாலைப் பக்கம் இருந்தது. அடுத்த தெருவில் ஓர் ஆட்டோ திரும்பும் ஒலி கேட்டது. குட்டி எழுந்து நின்றது. ஒலி வேறுபக்கம் போனதும் மீண்டும் அமர்ந்தது.

"தெனமும் இப்படித்தான். சாப்பாடு வச்சுக் கூப்பிட்டாலும் வரதில்ல. மதியம் வரைக்கும் இருக்கும். சரியாப் போவும்னு அவங்ககிட்டச் சொன்னேன்னா அது எனக்குத் தெரியாத விசயம். சரியாவாதுன்னு சொன்னா வாங்க மாட்டாங்க." அவர் குரலில் கரவு இல்லை. உண்மையாகவே அது அவருக்குச் சிக்கலாக இருந்தது. "நீங்க படிச்சவங்க. என்னன்னு சொல்லட்டும்?"

நான் எழுந்து கதவருகே சென்றேன். குட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய சிமெண்டுத் திட்டு இருந்தது. அதில் அமர்ந்தேன். அது நகர்ந்து இடம் விடவில்லை, நெருங்கி வரவுமில்லை. சாலையில் பள்ளிப் பேருந்து ஒன்று காலியாகத் திரும்பிச் சென்றது. மிதிவண்டியில் ஒருவர் வாழைத்தார் கொண்டுபோனார். சற்று நேரம் நாங்கள் இருவரும் அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, மனைவி பழகிய அந்தப் பெயரைச் சொன்னேன். குட்டி என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்த்தபடியே இருந்தது.

"அவர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்றேன்.